உம்மா கட்டிய கப்பல் பெட்டி

எங்கள் வீட்டில் ஆண்கள் எல்லோரும் கப்பல் ஏறியவர்கள், பெண்கள் எல்லோரும் பெட்டி கட்டியவர்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய கோடையில் நானும் மாமாவும் சேர்ந்து இந்த ஏற்பாட்டைக் கலைக்கப் பார்த்தோம். உம்மாவைக் கப்பலில் ஏற்றிவிட வேண்டும் என்பது எங்கள் திட்டம்.

மாமா, உம்மாவின் தம்பி. அக்காவை லாத்தா என்பார். பிரான்சின் வடகரையில் ஒரு துறைமுக ஊரில் கப்பல் ஏஜென்சி குமாஸ்தா. விடுமுறைக்குக் காரைக்கால் வந்திருந்தார். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான பிரெவே எழுதித் தேறியிருந்தேன். மேலே படிக்க அவரோடு போவதென்று முடிவாகிவிட்டது. பாண்டிச்சேரியில் கப்பல், மார்செயில் இறங்கி ரயில், அப்புறம் கல்லூரி திறக்கும்வரை சும்மா. அந்தச் சும்மாவுக்குத்தான் மாமா ஒரு வழி வைத்திருந்தார். அவருடைய ஏஜென்சி கோடையில் நார்வே நாட்டுக் கரையோரமாக உல்லாசக் கப்பல் விடுகிறது. சரக்கு கிடையாது, போய்ச் சேர வேண்டிய ஊரும் கிடையாது. போய், பார்த்து, திரும்பி வருவதுதான் வேலை. குமாஸ்தா குடும்பத்துக்குச் சலுகை டிக்கெட் உண்டு. மாமிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, ஊருக்கு வருவதற்குத் தவிர கப்பல் ஏற மாட்டார். ஆகவே மாமா, நான், உம்மா. மழைக்காலம் முடிந்து மாமி ஊருக்கு வரும்போது உம்மா அவருடனே திரும்பிவிடலாம்.

"போய்ச் சேர்ற ஊரு இல்லாம கப்பலு எதுக்கு?" என்றாள் உம்மா.

"பாக்குறதுக்கு, லாத்தா."

"என்னத்தப் பாக்க?"

"மலைய."

"மலையப் பாக்க யாராச்சும் கடல்ல போவாங்களா? தரையில போவாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. மாமா கொண்டு வந்திருந்த இரண்டு படப் புத்தகங்களையும் அவள் முன்னால் விரித்தேன். அங்கே கடல் மலைக்குள் கை நீட்டுவதுபோல உள்ளே நுழைந்து போகிறது, இரண்டு பக்கமும் செங்குத்தாக மலை, உச்சியில் பனி, அதற்கு ஃபியோர்டு என்று பெயர் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். நானே அதுவரை மலையைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் பக்கம் உயரமான நிலம் என்றால் வாய்க்கால் கரைதான்.

உம்மா பொறுமையாகக் கேட்டாள். "நம்ம அரசலாத்து முகத்துல கடத்தண்ணி உள்ள ஏறி நிக்குதே, கழி, அது மாதிரியா?"

"அது மாதிரிதான். ஆனா ரொம்ப ஆழம்."

"கழின்னா கொசு இருக்குமே."

அத்தோடு எழுந்து போய்விட்டாள். மறுநாள் காலையில் கொசுவலை ஒன்று துவைத்துக் கொடியில் தொங்கியது.

அதே கொடியில் அந்த வாரம் இன்னொன்றும் தொங்கியது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எங்கள் தெருச் சொல்தாவிடம் மாமா எனக்காக ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி வந்தார். அந்துருண்டை வாடை போவதற்காக அதை வெயிலில் போட்டிருந்தோம். சித்திரை வெயில். சுரக்குடியிலிருந்து வண்டியில் நெல் கொண்டு வந்தவர் அதை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கரடி எங்க கெடச்சுது, தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

"பிரான்சுல."

"தோலு மட்டுந்தான் வந்துச்சா?"

உம்மாவுக்கும் ஒரு கோட்டு வந்திருந்தது. மாமி கொடுத்தனுப்பியது, காப்பிக்கொட்டை நிறம், பெரிய பெரிய பொத்தான்கள். மாமா வந்த அன்றே அதைக் கூடத்து ஆணியில் மாட்டினார். உம்மா அதை எடுக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ஒட்டடை அடிக்கும்போது அதைச் சுற்றி அடித்தாள். நான் வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் முதலில் அந்த ஆணியைத்தான் பார்ப்பேன். கோட்டு அங்கேயே இருக்கும்.

வாப்பா தடை சொல்லவில்லை. வாலிபத்தில் சைகோன், பினாங்கு என்று சுற்றியவர். இப்போது கடைத்தெருவில் படகுகளுக்கு வேண்டிய கயிறும் ஆணியும் விற்கிறார். "போயிட்டு வாயேன், கூடப் பொறந்தவன் கூட்டிட்டுப் போறான், பெத்த புள்ள கூட வர்றான், இதுக்கு மேல என்ன துணை வேணும்?" என்று சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் சொல்வார்.

"எல்லாரும் போயிட்டா வர்றவங்களுக்குக் கதவத் தொறக்குறது யாரு?"

"நான் என்ன திண்டுக்கல் பூட்டா? கதவத் தொறக்க எனக்குத் தெரியாதா?"

உம்மா குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

எந்தக் கப்பல் என்பதும் முடிவாகாமல் கிடந்தது. படப் புத்தகம் இரண்டு, பயணமும் இரண்டு. ஒன்று வடக்கே, உச்சிவரைக்கும் போகிறது. அங்கே கோடையில் சூரியன் அடிவானத்தைத் தொட்டுவிட்டு மறையாமலே திரும்ப ஏறுகிறதாம். மற்றது தெற்கே இருக்கும் ஃபியோர்டுகளோடு திரும்பிவிடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. மறையாத சூரியனை விட்டுவிட்டு வருகிறவனை எந்தக் கல்லூரியில் சேர்ப்பார்கள்? பள்ளிக்கூடப் பூகோளப் படத்தை எடுத்து வந்து, காரைக்கால் இருக்கும் இடத்தில் ஒரு விரலும் வடகோடியில் ஒரு விரலும் வைத்து மாமாவிடம் வாதாடினேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த உம்மா தலையைத் தூக்காமல் கேட்டாள். "சூரியன் மறையலேன்னா மஹ்ரிப் எப்ப தொழுவுறது?"

நான் என் தொழுகையைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே பள்ளிவாசலுக்கு ஓடி ஹஜ்ரத்திடம் கேட்டேன். அவர் சற்று யோசித்து, சூரியன் மறைகிற பக்கத்து ஊர் எதுவோ அந்த ஊர்க் கணக்கை வைத்துக்கொள்ளலாம் என்றார். வெற்றியோடு வந்து சொன்னேன்.

"பக்கத்து ஊரு எதுன்னு கடல்ல யார கேக்குறது?" என்றாள் உம்மா.

மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அதற்குள் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிட்டது. பெட்டி கற்பூர மரம், பாட்டனார் பினாங்கிலிருந்து கொண்டு வந்தது. அதைக் கட்டுவதில் எங்கள் வீட்டுக்கு ஒரு முறை உண்டு. கடைசியில் வேண்டியது அடியில், முதலில் வேண்டியது மேலே. அடியில் கம்பளியும் புதுத் துணியும். அதற்கு மேல் மாசிச் சம்பல், நார்த்தங்காய் ஊறுகாய், வறுத்த அரிசிமாவு, ஒவ்வொன்றும் தகர டப்பாவில், மூடியைச் சுற்றி மெழுகுத்துணி. அதற்கு மேல் கைலிகள். எல்லாம் வைத்து மூடியபின் பயணம் போகிறவன் பெட்டியை ஒப்பிக்க வேண்டும். கட்டியவள் மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டு, "அடியில என்ன?" என்பாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து மேல்வரை சொல்லிக்கொண்டே வர வேண்டும். தப்பினால் பெட்டியைத் திறந்து கையால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஆடுகிற கப்பலில், இருட்டில், சட்டைக்குக் கையை விட்டால் ஊறுகாய் வரக்கூடாது. கட்டாத பெட்டியோடு போனவனும் ஒப்பிக்காமல் போனவனும் எங்கள் வீட்டில் கிடையாது. வாப்பா ஒருமுறை மூன்று தரம் தப்பி, நாலாவது தரம் நின்றுகொண்டே ஒப்பித்தாராம்.

என் முறை வந்தது. உம்மா மூடிமேல் உட்கார்ந்தாள்.

"அடியில என்ன?"

"கரடிக் கோட்டு. அதுக்கு மேல கொசுவலை."

"கொசுவலை எதுக்கு லாத்தா, அங்க ஐஸ் கெடக்குது," என்றார் மாமா.

"கழியில கொசு இருக்கும். நீ சொல்லுடா."

நான் கடகடவென்று சொன்னேன். என் புத்தகங்கள், மாவு, சம்பல், ஊறுகாய், கைலி, சட்டை, தொப்பி, சுக்கு, தைலம். ஒன்றும் தப்பவில்லை. பரீட்சையில்கூட அப்படிச் சொன்னதில்லை. சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தபோதுதான் உறைத்தது. மேலே வரைக்கும் வந்துவிட்டேன், உம்மாவுடையது என்று ஒரு கைக்குட்டைகூட வரவில்லை.

"ஒங்களோடது எங்க உம்மா?"

"பெட்டி நெறஞ்சு போச்சே," என்றாள்.

ஆணியைப் பார்த்தேன். கோட்டு அங்கேயே இருந்தது. மாமாவின் விடுமுறை முடியப்போகிறது, டிக்கெட்டுக்குத் தந்தி கொடுத்தாக வேண்டும். இரண்டா மூன்றா என்பதுதான் பாக்கி.

மறுநாள் மத்தியானம் தெருவே உறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். உம்மா கூடத்தில் தனியாக உட்கார்ந்து, தெற்கே போகிற கப்பலின் படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வடக்குப் புத்தகம் மூடியே கிடந்தது. அவளுக்குப் பிரெஞ்சு வராது, படம்தான் பார்த்தாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்திருந்தாள். தண்ணீர் ஓரத்தில் மர வீடுகள், நாலைந்து. ஒரு வீட்டுக்கு முன்னால் கொடியில் துணி காய்கிறது.

"இதுல வீடு இருக்கு," என்றாள் என்னைப் பார்க்காமல். "அதுல வெறும் பாறையா இருக்கு. யாரும் இல்ல."

"இதுல சூரியன் மறையுமே உம்மா."

"மறையட்டுமே. மஹ்ரிபுக்கு ஆச்சு."

அப்போதுதான் அவள் கேட்ட கேள்வி யாருக்காக என்று எனக்கு விளங்கியது. வடகோடியை நான் விட்டுக்கொடுத்த வேகத்தில் வேறு எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. பூகோளப் படத்தைச் சுருட்டிவிட்டு மாமாவை எழுப்பப் போனேன். எழுப்ப வேண்டியிருக்கவில்லை, அவர் பாயில் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தார்.

உம்மா அவரிடம் நேராகக் கேட்டாள். "கப்பல் மேல்தட்டுல காத்து அடிக்குமா?"

"பிச்சுக்கிட்டுப் போவும் லாத்தா."

"அப்ப கோட்டுக்கு மேல துப்பட்டியா, துப்பட்டிக்கு மேல கோட்டா?"

வெளியே போகும்போது எங்கள் பெண்கள் புடவைக்கு மேல் போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டியைச் சொல்கிறாள். மாமா இருபது வருடமாகக் கப்பல்களோடு இருப்பவர். படப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"அந்தப் புஸ்தகத்துல போடலியா?" என்றாள் உம்மா.

"போடல."

"என்னத்த எழுதுறாங்க, போங்க."

தானே எழுந்து கோட்டை ஆணியிலிருந்து எடுத்தாள். போட்டுப் பார்த்தாள், மேலே துப்பட்டியைப் போர்த்தினாள், கழற்றினாள், மாற்றிப் போட்டாள். காற்றுக்குப் பதிலாக என்னைக் கூடத்தின் ஒரு மூலையில் நிறுத்திப் பனைவிசிறியால் வீசச் சொன்னாள். எவ்வளவு வேகமாக வீச வேண்டும் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் துப்பட்டிதான் மேலே என்று தீர்ந்தது. ஆனால் ஓரத்தில் நாடா வைத்துத் தைத்து, கோட்டுப் பொத்தான்களில் முடிச்சுப் போட வேண்டும். அன்று சாயங்காலம் ஊசியோடு உட்கார்ந்துவிட்டாள். மாமா தந்தி கொடுக்கப் போனார். மூன்று.

பெட்டியைப் பிரித்து மறுபடி கட்டினோம். இடம் போதவில்லை. கொசுவலையை எடுத்துவிடலாம் என்று நானும் மாமாவும் ஒரே குரலில் சொன்னோம். உம்மா கொசுவலையை அப்படியே விட்டுவிட்டு என் புத்தகங்களை எடுத்து வெளியே வைத்தாள்.

"படிக்கத்தான உம்மா போறேன்."

"போற ஊருல புஸ்தகம் இல்லன்னா அந்த ஊருக்கு எதுக்குப் படிக்கப் போற?"

ஆனால் தனக்கென்று வந்தபோது கை ஓடவில்லை. ஒரு புடவையை வைத்தாள், எடுத்தாள், வேறொன்றை வைத்தாள், திரும்ப எடுத்தாள். எனக்கு எத்தனை சட்டை வேண்டும், வாப்பாவுக்கு எந்த ஊரில் எந்தத் தைலம் வேண்டும் என்று யோசிக்காமலே சொல்கிறவள், "எனக்கு என்ன வேணும்னு தெரியலியே" என்று பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். யாரும் யோசனை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருக்கவும் மாட்டாள்.

புறப்படுவதற்கு முதல்நாள் பெட்டி மூடியாயிற்று. வாப்பா கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து, எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே போய் மூடியின் மேல் உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

"வா இப்புடி. கண்ண மூடு," என்றார். "அடியில என்ன?"

உம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"அடியில புள்ளயோட கோட்டும் என் கோட்டும். மேல கொசுவலை. அப்புறம் என் பொடவ மூணு. மாவு. சம்பல். ஊறுகா. அவன் கைலி, சட்டை, தொப்பி. நான் தொழுவுற முசல்லா. தம்பிக்குச் சுக்கு, தைலம்."

"மேல?" என்றார் வாப்பா.

"மேல என் துப்பட்டி. நாடா வச்சது."

வாப்பா எழுந்திருக்கவில்லை. "இன்னொரு தரம் சொல்லு," என்றார். உம்மா ஒன்றும் தப்பியிருக்கவில்லை. ஆனாலும் அடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.