வெல்டர் பொறுப்பெடுத்த பெயின்டர்

வெல்டருக்கு வாய் கொஞ்சம் நீளம், வேலை படுசுத்தம். சபையில் கேட் தொங்கினாலும் பெஞ்சு ஆடினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, "இனிமே நான் இயேசுவோட ஆளு" என்று முழங்கால் போட்டான் ஒரு பெயின்டர். "இவன் என் பொறுப்பு" என்று எல்லார் முன்னாலும் சொன்னார் வெல்டர்.

பண்டிகை முடிந்து நட்சத்திரத்தைக் கழற்றி இறக்கினார்கள். பெயின்டரும் காணாமல் போனான். ஜனவரி முழுக்க ஆளே இல்லை.

"விடுங்கண்ணே," என்றார் சபைச் செயலாளர். "கேக் தீர்ந்தா கிறிஸ்துமஸ் விசுவாசியும் தீர்ந்துபோவான். வருஷா வருஷம் பாக்குறதுதானே?"

வெல்டருக்குச் சுருக்கென்றது. "இரும்புல வெல்டிங் பொட்டு ரெண்டு மட்டும் வச்சுட்டு, வேலை முடிஞ்சதுன்னு வீட்டுக்குப் போனா கேட் யார் தலையில விழும்? முழுசா ஒட்டாதது நம்ம தப்புய்யா."

சொன்னாரே தவிர, பெயின்டர்மேல் அவருக்கும் கோபம்தான். சபை முன்னால் அவர் கொடுத்த வாக்கைக் காற்றில் பறக்கவிட்டானே! மறுநாள் மத்தியானம் அவன் வேலை செய்யும் கட்டடத்துக்கே போனார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கையில் வைத்திருந்தார்.

சாரத்தின்மேல் நின்று, சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தான் பெயின்டர். கிறிஸ்துமஸ் பாட்டு.

"யோவ்! பிப்ரவரி வந்தாச்சு. இன்னுமா தொட்டில ஆட்டிக்கிட்டிருக்க?"

"எனக்கு அது ஒண்ணுதாண்ணே தெரியும். அடுத்த பாட்டை எப்பக் கத்துக்கிறது? ஞாயித்துக்கிழமையும் வேலை. மேஸ்திரிகிட்ட லீவு கேக்கப் பயம். உங்க மூஞ்சியில முழிக்க அதைவிடப் பயம்."

நாலு கேள்வியையும் கீழேயே போட்டுவிட்டு, வெல்டர் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். "நகருய்யா."

அன்றிலிருந்து அவருக்கு மத்தியானச் சாப்பாடு சாரப் பலகையில்தான். தின்று முடித்ததும் மாற்கு சுவிசேஷத்தில் ஒரு பகுதி, பிறகு இருவரும் ஜெபம். வெல்டர் எழுத்துக் கூட்டிப் படிப்பார். பெயின்டர் குறுக்குக் கேள்வி போடுவான்.

"அவ்வளவு பெரிய புயல்ல, படகுல இயேசு எப்படிண்ணே தூங்கினாரு?"

"பகல் பூரா ஊருக்கு உழைச்சவரு. அசந்து தூங்க மாட்டாரா?"

தெரியாததை, "போதகர்கிட்டக் கேட்டுட்டு வர்றேன்" என்பார். கேட்டுக்கொண்டும் வருவார்.

ஒரு நாள் பெயின்டர் முகமெல்லாம் பல்லாக நின்றான். "மேஸ்திரிகிட்டக் கேட்டுட்டேண்ணே. ஞாயித்துக்கிழமை காலையில விடுறாராம். சாயங்காலம் வந்து ஈடு கட்டணுமாம்."

"நானா கேக்கச் சொன்னேன்?"

"நீங்க சொல்லலை. அதான் நானே கேட்டேன்."

அந்த ஞாயிறு, யாராவது ஜெபிக்கலாம் என்றார் போதகர். பெயின்டர் எழுந்தான்.

"ஆண்டவரே, உங்களுக்கு என்னைத் தெரியும். நேத்துகூடச் சாரத்துல உக்காந்து பேசினோமே..."

சபை லேசாகச் சிரித்தது. வெல்டர் சிரிக்கவில்லை. மூடிய கண்ணுக்குள் நீர் முட்டியது. நெஞ்சு இரண்டு சுற்றுப் பெருத்தது. நேற்றுப் பட்டறையில் அவசர வேலை. அவர் அந்தச் சாரத்துப் பக்கமே போகவில்லை.