பொத்தானின் அளவுச் சட்டை

பழைய சட்டையை நீட்டி, "இதே அளவுக்குத் தைச்சுக் கொடுங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், தையல்காரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "சட்டைக்கா தைக்கணும், உங்களுக்கா? நேரா நில்லுங்க" என்று கழுத்தில் தொங்கும் டேப்பை உருவுவார். பழைய சட்டை தொளதொளத்திருக்கும், போட்டவர் ஒரு சுற்றுப் பெருத்திருப்பார், கடைசியில் பழி தையல்காரி தலையில் விழும் என்பது அவர் கட்சி. இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேர் முறைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்தும் இருக்கிறார்கள்.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். ஜன்னலோரம் மிஷின், சுவரை ஒட்டி வெட்டும் மேஜை, அதற்கு மேலே ஆணியில் ஒரு நீள நோட்டு. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம். யாராவது இறந்துபோனால் அந்தப் பக்கத்தை அவர் கிழிக்கமாட்டார், கோடு போட்டு அடிக்கவும் மாட்டார். பாதியாக மடித்துவிடுவார், அவ்வளவுதான்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் பொத்தானுடையது. பொத்தான் ஒரு பூனை. செம்பட்டை நிறம், முன்னங்கால் இரண்டும் வெள்ளை. மிஷின் சத்தம் கேட்டால் அடுக்களைக்கு ஓடிவிடுவான். துணியை விரித்தால் மட்டும் எங்கிருந்தோ வந்து மேஜையின் நடுவில் படுத்துக்கொள்வான். பதினான்கு வருஷமாக அவனைச் சுற்றித்தான் சாக்பீஸால் கோடு போட வேண்டியிருந்தது. ஒருமுறை வயிற்றில் கட்டி எடுத்தபோது, தையலை நக்காமலிருக்க டாக்டர் கழுத்தில் மாட்டச் சொன்ன பிளாஸ்டிக் கூம்பைப் பார்த்து, "இது என்ன, மண்ணெண்ணெய் ஊத்துற புனலா?" என்று தூக்கிப் போட்டுவிட்டு, பருத்தித் துணியில் நாலு காலுக்கும் ஓட்டை வைத்து, முதுகில் நாடா வைத்து ஒரு சட்டை தைத்துப் போட்டார். அதற்கு எடுத்த அளவுதான் அந்தப் பக்கத்தில் இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் பொத்தானுடைய சிறுநீரகம் கெட்டு, அவன் போய்விட்டான். பக்கம் மட்டும் மடிக்கப்படவில்லை. தையல்காரம்மாவுக்கு வேலை ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டும் இடது கையாக வெட்டிவைத்தார். அதைக்கூட மன்னிக்கலாம். துணியை விரித்ததும் நடுவில் ஒரு பூனை படுக்கிற அளவுக்கு இடம் விட்டுவிட்டு ஓரத்தில் கோடு போட்டார், அதுவும் தன்னை அறியாமலே. இப்படியே போனால் மேஜையை விற்றுவிட்டுக் கடையை மூடிவிடுவது என்று முடிவு செய்து, அதைப் புருஷனிடமும் சொல்லிவிட்டார்.

புருஷன் டவுன் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஹாரன் அடிப்பதாலோ என்னவோ, வீட்டில் அளந்துதான் பேசுவார்.

"மேஜைய விக்கிறதுக்கு முன்னாடி ஒரு பூனை பார்த்துட்டு வருவோம்மா. பிடிக்கலன்னா சும்மா வந்துடலாம்."

இரண்டு தடவை முடியாது என்றார் தையல்காரம்மா. மூன்றாவது தடவை செருப்பை மாட்டிக்கொண்டார்.

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்தது பூனைக் காப்பகம். பினாயில் வாசனை அடிக்கும் நீள அறை, இரண்டு வரிசைக் கூண்டுகள். ரப்பர் பூட்ஸ் போட்ட காப்பகக்காரி, "எந்த மாதிரி வேணும்க்கா? குட்டியா, பெருசா?" என்று கேட்டாள்.

தையல்காரம்மா கைப்பையைத் திறந்து பொத்தானின் சட்டையை வெளியே எடுத்தார். "இது யாருக்குச் சரியா இருக்குதோ, அதைக் கொடும்மா."

புருஷன் விட்டத்தைப் பார்த்தார். காப்பகக்காரி எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்தவள், ஆனால் சட்டையோடு வந்தவரைப் பார்த்ததில்லை. இருந்தாலும் சிரிக்காமல் கூண்டைத் திறந்தாள். முதல் குட்டி சட்டைக்குள் காணாமலே போனது. ஒரு வெள்ளைப் பூனை நாடாவைக் கடித்தது. ஏழாவது கூண்டில் ஒரு செம்பட்டை இருந்தான். கால்களை நுழைத்து, முதுகில் நாடாவைக் கட்டினால், ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தைத்து வைத்தாற்போல் இருந்தது.

"அட, அப்படியே இருக்குக்கா!" என்றாள் காப்பகக்காரி.

தையல்காரம்மா குனிந்து தாடையை நீட்டினார். பொத்தானாக இருந்தால் நெற்றியால் ஒரு முட்டு முட்டுவான். இவன், பாவம், ஒரு காலை எப்படியாவது வெளியே இழுத்துவிடப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டை கச்சிதம், உள்ளே இருந்தது வேறு யாரோ. மூன்று மாதமாகப் பொத்தான் செத்துவிட்டான் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, அது அப்போதுதான் உறைத்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இது அவன் இல்லங்க."

"இல்லம்மா" என்றார் புருஷன். சட்டையைக் காட்டி, "கடைக்கு வர்றவங்க பழைய சட்டைய நீட்டினா நீ என்ன சொல்லுவ?" என்று கேட்டார்.

தையல்காரம்மா அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். பிறகு, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தபடியே சிரித்துவிட்டார். நாடாவை அவிழ்த்துச் சட்டையைக் கழற்றினார்.

"உன்மேல ஒரு தப்பும் இல்லடா. உன்னக் கூட்டிட்டுப் போனா, எதுக்கெடுத்தாலும் அவன் மாதிரி இல்ல, அவன் மாதிரி இல்லன்னு புலம்பிக்கிட்டே இருப்பேன். உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

"செம்பட்டைக்கு எப்பவும் ஆள் வந்துடும்க்கா, கவலைப்படாதீங்க" என்றாள் காப்பகக்காரி.

சட்டை பைக்குள் போனது. தையல்காரம்மா முதல் கூண்டிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். இந்தத் தடவை ஒவ்வொன்றிடமும் நின்று, "இதுக்கு என்ன பிடிக்காது?" என்று மட்டும் கேட்டார். வாடிக்கையாளரிடமும் எங்கே பிடிக்கிறது, எங்கே உறுத்துகிறது என்றுதான் முதலில் கேட்பார்.

கீழ் வரிசைக் கடைசியில் ஒரு குண்டுக் கறுப்பி கிடந்தாள்.

"இவளத் தூக்கினா பிடிக்காது. மடியிலயும் உட்காரமாட்டா. எட்டு மாசமா யாரும் கேட்கல. ஆனா சத்தத்துக்குப் பயமே கிடையாதுக்கா. பக்கத்துல ஜெனரேட்டர் ஓடினாலும் தூங்குவா."

தையல்காரம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். டேப் கழுத்தில்தான் இருந்தது; எங்கே போனாலும் அதைக் கழற்ற மறந்துவிடுவது வழக்கம். உருவி நீட்டினார். கறுப்பி நுனியை மோந்து பார்த்தாள், எழுந்து வந்தாள், டேப் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"கொஞ்சம் நேரா நில்லுடி" என்றார் தையல்காரம்மா.

வீட்டுக்கு வந்ததும் கறுப்பி முன்னறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். மேஜையைத் திரும்பியும் பார்க்கவில்லை. தையல்காரம்மா உட்கார்ந்து மிஷினை ஓட்ட ஆரம்பிக்க, அதற்கு அடியில் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

"பேரு?" என்று கேட்டார் புருஷன்.

"பழகட்டுங்க. அவசரத்துல வெச்சா லூஸா இருக்கும்."

தையல்காரம்மா நோட்டை இறக்கி, புதுப் பக்கத்தில் கழுத்தும் நெஞ்சும் நீளமும் எழுதினார். பேர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டார். பிறகு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். சின்னச் சட்டையை நீவி உள்ளே வைத்து, பக்கத்தைப் பாதியாக மடித்தார்.