சாயாத கூம்பு

என் அக்கா அகல்யா காட்டுத்தீயை ஆராய்ந்தவள். விருத்தாசலத்தில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிபடாது. "தீ புடிச்சா அணைக்க வேண்டியதுதான, இதுல என்னா ஆராய்ச்சி இருக்குது?" என்று ஜங்ஷன் ஆட்டோ ஸ்டாண்டில் என்னையே கேட்டிருக்கிறார்கள். எரிச்சலாக வரும். மேட்டில் ஏறும் தீ ஏன் வேகம் பிடிக்கிறது, எந்தப் புல்லில் எவ்வளவு உயரம் எழும்பும், ஆள் எத்தனை அடி தள்ளி நின்று அணைக்கலாம் என்று பதினோரு வருடம் மேற்கு மலைகளில் அலைந்தவள் அவள். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்தால், நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு ஃபோன் கால்தான் முன்னால் வந்து நிற்கிறது.

அப்பா பீங்கான் பேட்டையில் சூளை எரித்தவர். அக்கா இயற்பியல் படித்து, காட்டுத்தீயில் டாக்டர் பட்டமும் வாங்கினாள். நான் செராமிக் டிப்ளமோ முடித்து, ஃப்யூஸ் கேரியரும் பொம்மையும் சுடும் சின்ன யூனிட் ஒன்றை நடத்துகிறேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் அம்மா "கவர்மெண்டுல ஆபீசரு" என்று மட்டும் சொல்வாள். தீ என்ற பேச்சையே எடுக்க மாட்டாள். வந்தவர்கள் அக்காவின் முழங்கையில் இருந்த தீத்தழும்பைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரியில் அக்கா கூப்பிட்டாள். வெப்பம் அளக்கும் கருவி டெண்டரிலேயே கிடக்கிறதாம், தீக்காலமோ வந்துவிட்டதாம். "நம்ம சூளைல வைக்கிற கூம்பு ஒரு நூறு அனுப்புடா" என்றாள். கூம்பு என்பது சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பீங்கான் குச்சி. சூளைக்குள் பொம்மைகளோடு அதையும் நிற்க வைப்போம். உரிய சூடு வந்ததும் அதன் தலை சாயும். சாயவில்லை என்றால் சூடு ஏறவில்லை. பீங்கான் பேட்டையில் குழந்தைக்கும் இது தெரியும். அறுநூறு டிகிரிக் கூம்பாகப் பார்த்து, அட்டைப்பெட்டியில் உமி போட்டு அனுப்பினேன்.

மலைச்சரிவில் புல்லுக்குள் அவற்றை நட்டு, காட்டுத் தீக்காவலர்களை வைத்துக்கொண்டு கொளுத்திப் பார்த்திருக்கிறாள். மார்ச்சில் மறுபடி ஃபோன்.

"தம்பி, ஒரு கூம்பு கூட சாயலடா. குட்டைப் புல்லுல சூடு அவ்ளோ இல்ல. பச்சத் தழைய வச்சி கிட்ட நின்னே அடிச்சி அணைக்கலாம்."

குரலில் அத்தனை சந்தோஷம். எனக்கு அப்போது லாரியில் லோடு ஏறிக்கொண்டிருந்தது.

கூம்பு சாயச் சூடு மட்டும் போதாது. அந்தச் சூட்டில் அது ஊறவும் வேண்டும். சூளையில் மணிக்கணக்கில் ஊறுகிறது. புல்லில் பிடித்த தீ அரை நிமிடத்தில் தாண்டிப் போய்விடும். எவ்வளவு கொதித்தாலும் கூம்பு நட்டபடியே நிற்கும். டிப்ளமோ முதல் வருடத்தில் இது இரண்டு மார்க் கேள்வி. எனக்கு அது உடனே தோன்றியது. இவ்வளவு படித்தவளுக்குத் தெரியாதா, நான் போய்ச் சொன்னால் சிரிப்பாள் என்றும் தோன்றியது. "சரிக்கா" என்று வைத்துவிட்டேன்.

அவள் போட்ட அட்டவணையை வைத்துத் தீக்காவலர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மறு வருடம் ஏப்ரலில், பச்சமுத்து என்ற காவலர் குட்டைப் புல் சரிவில் தழையோடு நெருங்கி நின்றார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வயது முப்பத்தொன்று. அக்காவோடு சேர்ந்து கூம்பு நட்டவரும் அவர்தான்.

காற்று திரும்பியதுதான் காரணம் என்று விசாரணையை முடித்தார்கள். அக்கா தப்பித்தாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். அவள் விடவில்லை. அதற்குள் வந்து சேர்ந்திருந்த கருவியோடு அதே சரிவுக்குப் போய் மறுபடி கொளுத்தினாள். எண்ணூறைத் தாண்டியது. தன் அட்டவணை தவறு, அதனால்தான் ஓர் உயிர் போனது என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அட்டவணையைத் திரும்பப் பெற்றார்கள். அவளையும் மலையிலிருந்து எடுத்து நூலகத்தில் உட்கார வைத்தார்கள். ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். இப்போது பழமலைநாதர் கோயில் பக்கம் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறாள். என் யூனிட் பக்கம் வருவதே இல்லை.

போன மாதம் ரேஷன் கார்டு தேடும்போது அந்த அறிக்கையின் நகல் கையில் கிடைத்தது. அன்றுதான் முதல்முறையாகப் படித்தேன். அதில் ஒரு வரி: "கூம்புகளை வழங்கியவருக்குச் சோதனையின் விவரமோ முடிவோ தெரிவிக்கப்படவில்லை." முழுப் பொய். தெரிவித்தாள், பூரித்துப்போய்த் தெரிவித்தாள்.

தாளை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். பிள்ளைகளின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கூம்பு ஏன் சாயலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். சொல்லாம வுட்டுட்டேன்."

"தெரியும்டா." அவள் நிமிரவில்லை. "சரிக்கான்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் இழுத்த. என்னான்னு நான் அப்பவே கேட்டிருக்கணும்."

"அப்புறம் ஏங்க்கா இப்புடி எழுதின?"

பேனாவை மூடி வைத்தாள்.

"ஒரு வூட்டுல ஒருத்தர் தூங்காம கெடந்தா போதும்டா."

நாலு வருடமாக நானும் தூங்கவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.