பொங்கல்படியோடு வந்த பாலிசி

என் அண்ணன் மருத்துவக் காப்பீட்டையும் பொங்கல்படியில் சேர்த்துவிட்டிருந்தான். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் தென்காசியில் காப்பீட்டு முகவர். கட்டிக்கொடுத்த தங்கைக்குப் பொங்கலுக்கு முன்னால் அரிசி, வெல்லம், கரும்பு, பனங்கிழங்கு என்று அண்ணன் கொண்டுவந்து இறக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அவன் அதோடு தன் பாலிசிக்கான அந்த வருடத் தவணையையும் வெற்றிலை பாக்குடன் தட்டில் வைத்து நீட்டுவான். தங்கைக்குக் கமிஷன் வரட்டும் என்பது அவன் கணக்கு. தனக்கு ஒன்று என்றால் அது உதவும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. குற்றாலத்தில் அவனுக்கு நேந்திரம் சிப்ஸ் கடை. நாளெல்லாம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிற தன்னை எந்த நோயும் அண்டாது என்று அவனுக்கு ஒரு திமிர்.

"இத்தன வருசமா கட்டுதேன், ஒரு மாத்திரைக்குக்கூட ஆகலை. ஒனக்காகத்தாம்ட்டி கட்டுதேன்" என்பான். நானும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்வேன்.

அப்போதுதான் குற்றாலம் சாலையில் ஓர் அறக்கட்டளை இலவச ஆஸ்பத்திரி திறந்தது. நல்ல ஆஸ்பத்திரி. குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் என் பிழைப்பில் மண் விழுந்தது. கீழப்பாவூரில் ஒரு வீட்டில் போய் உட்கார்ந்தால் காபி கொடுத்து, "அங்கன சும்மாவே பாக்காவளே, பொறவு எதுக்குப் பாலிசி?" என்று அனுப்பிவிடுவார்கள். வாசலில் புதுக் கார் நிற்கும். அதற்கு மட்டும் தவறாமல் இன்சூரன்ஸ் கட்டுவார்கள். காருக்கு இலவச ஆஸ்பத்திரி இல்லை, பாருங்கள்.

போன பொங்கலுக்கு அண்ணன் தவணைப் பணம் கொண்டுவரவில்லை. ஒரு கிரைண்டரை இறக்கினான்.

"பாலிசி போதும்ட்டி. அதான் ஆஸ்பத்திரி வந்துட்டுல்லா. ஒனக்குக் கொறை வைக்கக் கூடாதுன்னு இத வாங்குனேன்."

அந்தக் கிரைண்டரைத் தெருவில் தூக்கிப் போட்டுவிட்டு அவன் சட்டையைப் பிடித்துத் தவணையைக் கட்டவைத்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. அண்ணன் கொண்டுவந்த சீரை மறுத்தால் மதினி என்ன நினைப்பாளோ என்று யோசித்தேன். மறுநாளே அதில் மாவும் அரைத்தேன்.

அந்த வருடம் சாரல் சீசனில், கடை முன்னால் கூட்டம் நெரியும்போது அண்ணனுக்கு நெஞ்சு அடைத்தது. இலவச ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினோம். உயிரைப் பிடித்து நிறுத்தியவர்கள் அவர்கள்தான். மேல் பரிசோதனைக்குத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். மூன்று அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். அண்ணன் அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரே இலவச ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்தான்.

"எல்லாம் இலவசம்னு போர்டுல எழுதியிருக்கே?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டான்.

"இங்க உள்ளதெல்லாம் இலவசம்தான் அண்ணாச்சி. இந்த ஆபரேசன் இங்க இல்ல" என்றார் அவர்.

வருமான வரம்பைத் தாண்டியதால் அரசுக் காப்பீட்டு அட்டையும் அவனுக்குக் கிடையாது. தனியாரில் செய்வதென்றால் கடை போய்விடும். அரசுப் பெரியாஸ்பத்திரியில் பெயர் கொடுத்திருக்கிறோம். முறை வந்தால் கூப்பிடுவார்கள். இன்னும் கூப்பிடவில்லை.

அண்ணன் மேல் கோபம். காலாவதியான பாலிசியைப் புதிதாக எடுத்தாலும், வந்துவிட்ட நோய்க்கு வருடக்கணக்கில் காத்திரு என்கிற என் கம்பெனி மேல் கோபம். ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசிவிட்டு, சொந்த அண்ணனிடம் வாயை மூடிக்கொண்ட என் மேல்தான் ஆத்திரம் அடங்கவே இல்லை.

இந்தப் பொங்கலுக்கும் படி கொண்டுவந்தான். ஆட்டோவிலிருந்து கரும்புக் கட்டை அவனால் இறக்க முடியவில்லை. நான் இறக்கினேன். நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினான்.

"மறுபடியும் பாலிசி போட்டுருட்டி."

"இப்ப போட்டா இந்த ஆபரேசனுக்கு ஒரு பைசா தரமாட்டாவண்ணே!"

"ஆபரேசனுக்கு யாரு கேட்டா? அதான் பெரியாஸ்பத்திரியில சும்மா செய்யப் போறாவளே. போன வருசம் ஒனக்குக் கமிசன் இல்லாமப் போச்சுல்லா, அதுக்குத்தான்."

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மதினிக்குப் போன் போட்டு, தங்கச்சிக்கு இந்த வருடம் என்ன குறை வைத்தோம் என்று கேட்டான்.