அடுக்கிய தாளில் இல்லாத கிரகணம்

எனக்கு எழுத்துக் கோணலாகத்தான் வரும். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நடந்ததையும் முன்னும் பின்னுமாக மறந்துபோகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்ததை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... நான் பொய் சொன்னேன். வயிற்றுப்பிள்ளைக்காரியான என் மருமகளிடம், அனுசரிக்க வேண்டாத ஒரு கிரகணத்தை அனுசரிக்க வேண்டும் என்று பொய் சொன்னேன்!

தெரியாமல் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் தினசரி காலண்டர் தாள் அடுக்கியவள் நான். எந்தக் கிரகணத்தை அச்சடிப்பார்கள், எதை விட்டுவிடுவார்கள் என்பது என் விரலுக்கே தெரியும். நிலவின் மேல் வெறும் மங்கல் விழுகிற புறநிழல் கிரகணத்தை நான் அடுக்கிய எந்தத் தாளிலும் பார்த்ததில்லை. அதற்குப் பட்டினி கிடையாது, குளியல் கிடையாது, ஒன்றும் கிடையாது.

அந்தச் சித்ரா பௌர்ணமிக்கு என் மகன் காளிராஜ் எங்களைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போனான். பௌர்ணமிதோறும் கடற்கரை மணலில் ராத்திரி தங்குவதற்குப் பெருங்கூட்டம் வருகிறதே, அதற்குத்தான். மருமகள் மாரீஸ்வரிக்கு அப்போது நான்காம் மாதம். எம். புதுப்பட்டியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தவள். அதுவரை கடலையே பார்த்ததில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு, தண்ணீர் பாட்டில் அவளுக்கு, அவன் தோளும் அவளுக்கு... வழி முழுக்க எனக்கு என் மகனின் முதுகுதான் தெரிந்தது!

விடுதி அறையில் பையை வைத்ததும் அவள் போனைப் பார்த்துவிட்டுப் பயந்துபோய்க் கேட்டாள்.

"இன்னைக்குக் கிரகணம்னு போட்டிருக்காக அத்தை. நாம பட்டினி, குளியல்லாம் பாக்கணுமா?"

"அம்மாட்டயே கேளு. அவுகதான் காலண்டர் கம்பெனி ஆளாச்சே" என்று மகன் சிரித்தான்.

வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் சொன்னது என்ன தெரியுமா? "ஆமாத்தா, பாக்கணும். ஜன்னலத் தெறக்காத. பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாது."

மகன் தயங்கினான். அவள்தான், "அத்தையத் தனியா விடாதீக, நீங்க கடற்கரைக்குப் போயிட்டு வாங்க" என்று தள்ளி அனுப்பினாள்.

ஏன் அப்படிச் செய்தேன்? ஒரே ஒரு சாயங்காலம் என் மகன் என் பக்கத்தில் மட்டும் உட்கார வேண்டும்... அவ்வளவுதான். எதையும் வாய் திறந்து கேட்டுப் பழகாதவள் நான். கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.

சரி, அந்தக் கிரகணத்தில் என்னதான் தெரிந்தது என்கிறீர்கள்? ஒன்றுமே தெரியவில்லை! முழு நிலா முழு நிலாவாகவே இருந்தது. சனமெல்லாம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, கட்டுச்சோற்றைப் பிரிக்கத் திரும்பிவிட்டது. வெகுநேரம் கழித்து ஓர் ஓரம் மட்டும் கைபட்ட வெள்ளித் தட்டுப்போல லேசாக மங்கியது. அதுவும் என் கண்ணில்தான் கோளாறோ என்ற சந்தேகத்தோடு! இதற்கா... இதற்கா நான் ஒருத்தியைப் பட்டினி போட்டேன்!

மகனாவது என்னோடு பேசினானா? போனும் கையுமாக அவளிடமே பேசினான். "ஏ புள்ள, ஒண்ணுமே இல்ல. நம்ம வீட்டு பல்பு இதவிட மங்கலாத்தான் எரியும். அலைச் சத்தம் கேக்குதா? இரு, கிட்டப் போறேன்..." போனை நீட்டிப் பிடித்தபடி தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். நான் இரண்டு சோடிச் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன்.

ஐப்பசியில் பெண் பிறந்தது. மேலுதடு பிளந்திருந்தது.

கிரகணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தைத்துச் சரிசெய்துவிடலாம் என்றார் டாக்டர். மாரீஸ்வரி நம்பவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க சொல்லியும் கேக்காம ஜன்னலத் தெறந்து பாத்துட்டேன் அத்தை. அவுக ஒண்ணுமில்லன்னு சொன்னாக... ஒரு நிமிசந்தான் பாத்தேன். எம்பிள்ளைய நானே இப்பிடி ஆக்கிட்டேனே!"

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை! சொன்னேனா? அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்... மன்னித்தவளைப் போல!

டாக்டரை நம்பாதவள் என்னை மட்டும் ஏன் இப்படி நம்பித் தொலைக்கிறாள்? ஒருநாளாவது என்னை எதிர்த்துப் பேசியிருந்தால், கோபத்திலாவது உண்மை என் வாயிலிருந்து விழுந்திருக்காதா? பாருங்கள்... இப்போதும் அவளைத்தான் குறை சொல்கிறேன்!

குழந்தைக்குத் தைத்தாகிவிட்டது. நன்றாகப் பேசுகிறாள், உதட்டில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. மாரீஸ்வரி மறுபடி உண்டாகியிருக்கிறாள். அடுத்த மாதம் இன்னொரு கிரகணமாம். நேற்று புதுப் பூட்டு ஒன்றை வாங்கிவந்து என் மடியில் வைத்தாள்.

"என்னைய நம்ப முடியாது அத்தை. வெளிய பூட்டிட்டு, சாவிய நீங்களே வச்சுக்கிடுங்க."

சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மாதம், நேரம், கிரகணத்தின் பெயர் எல்லாம் நான் தப்பாக எழுதியிருக்கலாம். விவரம் தெரிந்த யாராவது சரிபார்த்து, அன்றைக்கு எதையும் அனுசரிக்க வேண்டியிருக்கவில்லை என்று ஒரு கடிதம் போடுங்கள். மாரீஸ்வரி பெயருக்கே போடுங்கள். என் கைக்கு வந்தால் ஒளித்துவிடுவேன்.