உட்கார்ந்த பெரட்டு

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கையில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தொழிற்சங்கக் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். "அடிதடி இல்லாம எப்படிங்க சாதிச்சீங்க?" என்று என்னைக் கேட்டார்கள். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றும் ஒட்டிக்கொண்டது. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் டயகமப் பக்கம். எங்களுக்கு ஓட்டுப் பறிபோய்ச் சில வருசங்கள் ஆகியிருந்த சமயம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். தலைப்பிள்ளைக்காரி. ஒரு நாள் மலையில் நிற்கும்போது, குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது என்று கைக்குழந்தைகளை விட்டுவரும் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஆள் வந்தது. அவள் கூடையை அங்கேயே வைத்துவிட்டு, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொல்லாமல் ஓடிவிட்டாள். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லார் பேரையும் கூப்பிட்டவர், அவள் பேரைக் கூப்பிடவில்லை.

"சொல்லாம ஓடுறவளுக்கு இங்க பேர் கெடையாது. தொர கையெழுத்துப் போட்டதும் பத்துச்சீட்டு வரும், வாங்கிக்கிட்டுக் கெளம்பு" என்றார்.

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்திலிருந்து பேர் வெட்டுகிற சீட்டு. பேர் வெட்டினால் வேலை மட்டும் போகாது. குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போவாள்? அவளுக்கு வேறு ஊர் கிடையாது.

அன்று சாயங்காலம் கோயிலடியில் கூடினோம். அவள் புருசனும் என்னைப் போலக் கவ்வாத்துக்காரன். "கத்தி இருக்கு, கண்டாக்கு வீடும் தெரியும்" என்று குதித்தான். கமிட்டித் தலைவர் அவனை அடக்கினார். ஒரு கல் விழுந்தாலும் போலீஸ் வரும், அதோடு அவள் கதை முடிந்துவிடும் என்றார். நாளைக்கு யாரும் மலைக்குப் போவதில்லை என்று முடிவானது.

முதல் நாள் தோற்றோம்.

பெரட்டில் ஒவ்வொரு கங்காணியின் ஆட்களும் தனித்தனி வரிசையாக நிற்பது வழக்கம். அன்றும் அப்படியே நின்றோம். கண்டாக்கையா ஒன்றுமே நடக்காதது போல முதல் வரிசைக் கங்காணியைப் பார்த்து, "ஆத்துமலைக்குக் கொழுந்துக்கு" என்றார். கங்காணி திரும்பி நடந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஆட்களும் நடந்தார்கள். அடுத்த வரிசையும் அப்படியே போனது. தலைவர் கத்திக்கொண்டிருக்கும்போதே களம் காலியாகிவிட்டது.

சாயங்காலம் ஒருவரை ஒருவர் பயந்தாங்கொள்ளி என்று ஏசிக்கொண்டார்கள். பக்கத்துக் காம்பராப் பெண் மட்டும் என்னிடம் வேறு மாதிரி சொன்னாள்: "எனக்குப் பயமே இல்லங்கண்ணே. பாதி தூரம் போனப்புறந்தான், ஐயோ, போகக்கூடாதுல்லன்னு நெனப்பே வந்துச்சு."

அந்தப் பேச்சு என் மனசில் தைத்தது. மறுநாள் பூராவும் செடி வெட்டிக்கொண்டே அதையே யோசித்தேன். நாங்கள் மனசால் தோற்கவில்லை. கால்தான் பழக்கத்தில் போய்விட்டது. நிற்கிற கால் தானாக நடந்துவிடும். உட்கார்ந்தவன் எழுந்திருக்க வேண்டுமானால் ஒரு நிமிசம் யோசித்தாக வேண்டும்.

பெரட்டில் நிற்காமல் உட்கார்ந்துவிடலாம் என்று தலைவரிடம் சொன்னேன். அவர் தயங்கினார். "தொர முன்னால ஒக்காந்தா மரியாத இல்லாதவங்கன்னு சொல்லுவாங்களேப்பா?"

"நின்னா கால் போயிருதுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

கூட்டத்தில்தான் எனக்குப் பேச வராது, தனி ஆளிடம் வரும். லயம் லயமாகப் போனேன். பயப்படாதே, ஒற்றுமையாயிரு என்றெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. "நாளைக்குப் பக்கத்துல யாரு இருந்தா ஒங்களுக்குத் தெம்பா இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன். ஒருத்தி நாத்தனார் என்றாள். ஒருவர் சம்பந்தியைச் சொன்னார். பாதிப்பேர் கடைசிக் காம்பராவில் இருந்த வாயாடிப் பெண்ணைச் சொன்னார்கள், அவள் பக்கத்தில் இருந்தால் சிரிப்பு வருமாம். கங்காணி வரிசையை விட்டுவிட்டு அவரவர் சொன்ன ஆளோடு உட்காரும்படி ஏற்பாடு செய்தோம். கத்திகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னோம்.

புருசன்காரனிடம் கடைசியாகப் போனேன். கோபப்படாதே என்று சொன்னால் கோபம் கூடும். அதனால் அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, "புள்ளயப் பாக்க ஓடுனது ஒரு குத்தமான்னுதானே கேக்குற?" என்றேன்.

அவன் குரல் இறங்கிவிட்டது. "ஆமாண்ணே. அதத்தான் கேக்குறேன்."

"அப்ப நாளைக்குப் புள்ளய நீயே வச்சிரு."

"பெரட்டுல ஆம்பள கையில புள்ளயத் தூக்கிட்டு நின்னா சிரிப்பானுவளே?"

"சிரிக்கட்டும். கல்லெடுக்க ஒனக்குக் கை இருக்காதுல்ல."

அடுத்த நாள் காலை பனி மூட்டத்தில் ஈரத் தரையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம். கண்டாக்கையா வந்தவர் திகைத்து நின்றுவிட்டார்.

"என்னா இது, பெரட்டா, கலியாணப் பந்தியா? எல போடச் சொல்லவா?"

"போடுங்க சாமி, பசியாத்தான் இருக்கு" என்றாள் வாயாடிப் பெண். எல்லாரும் சிரித்தோம். 

அவர் முதல் கங்காணியைக் கூப்பிட்டார். கங்காணி திரும்பிப் பார்த்தார். அவர் ஆட்கள் களம் பூராவும் கலைந்து உட்கார்ந்திருந்தார்கள். தனியாக நடக்க மனமில்லாமல் அவர் ஓரமாகப் போய் வெற்றிலை மடித்தார்.

கண்டாக்கையா நேரே புருசன்காரனிடம் வந்தார். "என்னாடா, பொண்டாட்டிக்குப் பதிலா நீ பால் குடுக்கப் போறியா?"

அவன் கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அவன் தோளில் கை வைத்தார்கள். குழந்தை சிணுங்கியது. அவன் குனிந்து அதை ஆட்டத் தொடங்கினான். அவன் எழுந்திருக்கவில்லை.

ஆள் போய்ச் சொல்லித் தோட்டத்துத் துரை வந்தார். தலைவர் எழுந்து பேசத் தொடங்கினார். "இவன்தாங்க தொர ஆளுகளத் தூண்டி விடுறவன்" என்று கண்டாக்கையா குறுக்கிட்டார். தலைவருக்கும் சூடு ஏறிவிட்டது, பதிலுக்கு ஏசப் போனார். பேச்சு அவர்கள் இரண்டு பேர் சண்டையாகத் திரும்பினால் அந்தப் பெண்ணை எல்லாரும் மறந்துவிடுவார்கள். நான் தலைவர் கையைப் பிடித்தேன். பிடித்தபோதுதான் நான் எழுந்து நிற்பதே எனக்குத் தெரிந்தது.

தேயிலைச் செடிகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய ஒரே பேச்சுத்தான் என்னிடம் இருந்தது. "அந்தப் பொண்ணுக்குப் பேர் குடுங்க தொர. நாங்க இப்பவே மலைக்குப் போறோங்க."

"சொல்லாம ஓடுனாளா இல்லியா?" என்றார் கண்டாக்கையா.

"ஓடுனாங்க. கொழந்தைக்குக் காய்ச்சலுங்க. பேர் குடுங்க தொர, நாங்க மலைக்குப் போறோங்க."

"ஒன்னய யாருடா பேசச் சொன்னது?"

"பேர் குடுங்க தொர, நாங்க மலைக்குப் போறோங்க."

 புதிதாக வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை. துரை, புருசன்காரன் மடியிலிருந்த குழந்தையைச் சற்று நேரம் பார்த்தார். கண்டாக்கையாவிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னார். பிறகு எங்களிடம், "அவ நாளைக்குப் பெரட்டுக்கு வரட்டும்" என்றார். நாங்கள் சொன்னபடியே எழுந்து மலைக்குப் போனோம்.

சாயங்காலம் மறுபடியும் லயம் லயமாகப் போனேன். நாளைக்கு அவள் பேரைக் கூப்பிடும்போது யாரும் கூச்சல் போடக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். தலைவருக்கே அது பிடிக்கவில்லை. "ஜெயிச்சதுக்குக் கையக்கூடத் தட்டக்கூடாதா?"

"நாளைக்கும் அந்தப் பொண்ணு அவருக்குக் கீழதானேங்க வேல செய்யணும்?"

காலையில் அவள் முறை வந்தது. கண்டாக்கையா நிறுத்தி, எங்களை ஒரு தரம் பார்த்தார். கூச்சல் வரும் என்று காத்திருந்தார் போலும். யாரும் இருமக்கூட இல்லை. அவள் பேரைக் கூப்பிட்டார். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். அவர் அடுத்த பேருக்குப் போனார்.

வேறு சலுகை எதுவும் அன்று கிடைக்கவில்லை. பால் கொடுக்கப் போக நேரம் கேட்டு அதன்பின் பல தடவை உட்கார்ந்தோம். இன்னும் முழுசாகக் கிடைக்கவில்லை, கிடைக்கும்வரை உட்காருவோம். இறம்பொடைக்காரர்களே, உங்கள் பெரட்டில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதை முதலில் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

1964, தை மாதம் இரண்டாம் தேதி, மாட்டுப் பொங்கலன்று எழுதி முடித்தேன்.