கறார் அக்காவின் வாக்கியம்

மொழியியல் துறையில் அவருக்கு 'டேப் மேடம்' என்று பெயர். கைப்பையில் வீட்டுச் சாவி இல்லாமல் போனாலும் போகும், ஒலிப்பதிவுக் கருவி இல்லாமல் போகாது. ஆணும் பெண்ணும் பேசும்போது யார் 'கொஞ்சம்' சேர்க்கிறார்கள், யார் பேச்சை யார் நடுவில் வெட்டுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதுதான் அவர் வேலை.

இணைய இணைப்பு தரும் ஒரு நிறுவனத்தின் புகார் மையத்தில், ஒரு மழைக்காலம் முழுக்க அவர் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அங்கேதான், ஊழியர்கள் 'கறார் அக்கா' என்று கூப்பிட்ட பெண் பழக்கமானாள். போனை எடுத்தால் வளவளப்பு கிடையாது. "மோடத்த அணைங்க. இப்பப் போடுங்க. விளக்கு என்ன கலர்ல எரியுது?" அவ்வளவுதான், இணைப்பு வந்துவிடும். பக்கத்து இருக்கைக்காரனும் அச்சு மாறாமல் அதே மாதிரிதான் பேசினான். அவனைப் பற்றி வாடிக்கையாளர்கள் சொன்னது: "தெளிவா சொன்னார்." அவளைப் பற்றி: "அந்தம்மா மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுது." அவனுக்கு உயர்திணை, அவளுக்கு அஃறிணை. டேப் மேடம் அதைக் கேட்டுக் கசப்போடு சிரித்துக்கொண்டார்.

மற்ற பெண்கள் 'தப்பா எடுத்துக்காதீங்க, முடிஞ்சா கொஞ்சம்' என்று குழைந்தார்கள். குழைந்தவர்கள் மேல் புகார் வரவில்லை. அது பிறவிக் குணமில்லை, திட்டு வாங்காமல் பிழைக்கிற வழி. கோளாறு வாயில் இல்லை, கேட்கிற காதில் இருக்கிறது என்று அவர் எழுதினார்.

நிறுவனத்துக்கு அனுப்பிய சுருக்கத்தைத் துறைத்தலைவர் தானே தயாரித்தார். கோளாறு காதில் என்ற பகுதி அதில் இல்லை. பெண்கள் குழைந்து பேசினால் புகார் குறைகிறது என்பது மட்டும் இருந்தது, எப்படிப் பேசக் கூடாது என்பதற்குக் கறார் அக்காவின் வாக்கியம் உதாரணமாக. அடுத்த மாதமே பெண்களுக்கு மட்டும் பேச்சுப் பயிற்சி வைத்தார்கள். கறார் அக்காவைப் போனிலிருந்து எடுத்து, பழைய மோடம்களைத் துடைத்து அடுக்கும் அறைக்கு அனுப்பினார்கள்.

அவள் துறைக்கே தேடி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பேர் வராதுன்னு சொன்னீங்க மேடம்."

"பேர் போடலயேம்மா."

"அப்படிப் பேசுற பொம்பள அங்க நான் ஒருத்திதானே. பேர் எதுக்கு?"

 அவள் போனதும் டேப் மேடம் நேரே துறைத்தலைவர் அறைக்குப் போனார். இளைய விரிவுரையாளர் ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தான்.

"ஒரு நிமிஷம் சார்," என்று அவனிடம் சொல்லிவிட்டுத் தலைவர் இவர் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா."

"என் ஆய்வ நீங்க தலைகீழா மாத்திட்டீங்க. தப்புன்னு அவங்களுக்கு எழுதுங்க."

"எதுக்கும்மா இவ்வளவு கோபம்? பணிவப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்களே இப்படிப் பேசினா எப்படி?"

விரிவுரையாளன் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டான். தான் குரலை உயர்த்தவே இல்லை என்று டேப் மேடத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு கணம், உயர்த்திவிட்டோமோ என்று தன் காதையே சந்தேகப்பட்டார். பிற்பாடு நினைக்க நினைக்க அந்த ஒரு கணம்தான் அவரை அதிகம் அறுத்தது.

நடந்ததையெல்லாம் வீட்டில் சொன்னார். கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அவர்கிட்ட நீ கொஞ்சம் பக்குவமா சொல்லிருக்கலாம்ல," என்றார்.

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்ல. உன்னத் தெரியாதா எனக்கு?"

 டேப் மேடம் தானே நிறுவனத்துக்கு விளக்கம் எழுதி அனுப்பினார். ஆலோசனைக்கு நன்றி என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கறார் அக்கா வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டு அவளைப் போனில் பிடித்தார்.

"நீங்க எழுதினது சரியாத்தான் இருக்கும் மேடம்," என்றாள் அவள். "அத வச்சு நான் என்ன பண்றது? இனிமே கூப்பிடாதீங்க."

மறு ஆண்டு நிறுவனம் இரண்டாம் கட்ட ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. டேப் மேடம் மாட்டேன் என்றார். விரிவுரையாளன் ஏற்றுக்கொண்டான், கேள்விகளெல்லாம் அவர் தயாரித்தவைதான். அவனுக்குப் பதவி உயர்வு வந்தது. அவர் விஷயத்தில், சக ஊழியர்களோடு இணக்கம் போதாது என்று குறிப்பு எழுதி நிறுத்திவைத்தார்கள். அதே பதவியிலேயே அவர் ஓய்வுபெற்றார்.